உள் ரிம்மில் குடியிருந்த உப்பு

நான்கு மாதத்தில் மூன்று டியூப். மூன்றும் என் மீன் லாரியின் ஒரே சக்கரத்தில். வலது பின்பக்கம், இரட்டைச் சக்கரத்தில் உள்ளே இருக்கும் சக்கரம். கடைசி முறை நள்ளிரவில், சாயல்குடி தாண்டி, மூக்கையூரில் ஏற்றிய மீனோடு நின்றேன். டயர் மாற்றுவதை விடுங்கள், ஐஸ் உருகுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டில் வீல் பானாவைத் திருப்புவது பெரிய வதை.

மூன்று முறையும் முள்ளைத்தான் திட்டினேன். இராமநாதபுரம் சீமையில் வண்டி ஓட்டுகிறவன் சீமைக் கருவேல முள்ளைத் திட்டாமல் ஒரு வாரத்தைக் கடத்த முடியாது. சாலையோரம் முழுக்க அதுதான் நிற்கிறது. ஆகவே பஞ்சர் என்றால் முள் என்று மனம் தானாகவே தீர்ப்பு எழுதிவிடும்.

தீர்ப்பை மாற்றியவர் கீழக்கரையில் டயர் கடை வைத்திருக்கும் காக்கா. (கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எனக்கும் அவர் அப்படித்தான்.) கிழிந்த டியூபைக் காற்றேற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, முள் எந்தப் பக்கமிருந்து வரும்?"

"ரோட்டிலிருந்து."

"ரோடு இந்தப் பக்கம். ஓட்டை அந்தப் பக்கம்."

உண்மைதான். ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தது. பழைய இரண்டு டியூப்களையும் மூலையிலிருந்து இழுத்துப் போட்டுப் பார்த்தோம். அவற்றிலும் அதே பக்கம். டியூபுக்கும் இரும்புக்கும் நடுவே ஃபிளாப் என்று ஒரு ரப்பர் பட்டை கிடக்கும். அதைத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கத் துருத்தூள் ஏறி, உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருந்தது. இரண்டு இடங்களில் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. பிறகு வெறும் ரிம்மைச் சிறு சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். அப்பளம் உடைந்து விழுவதுபோல் துரு அடுக்கடுக்காக விழுந்தது.

"இந்த டியூபை உங்கள் ரிம்மே கடித்துவிட்டது" என்றார். அத்தனை நாள் நான் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தது சக்கரத்தின் வெளி முகத்தை மட்டும். வெள்ளிப் பெயிண்டும் பொங்கலுக்குப் பொங்கல் சிவப்புக் கோடுமாக அந்த முகத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. உட்பக்கத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வண்டி ஆறு சக்கர டாடா 407. டயர் 7.50-16, டியூப் உள்ளது. ரிம் ஒரே துண்டு அல்ல. ஒரு பக்கம் கழற்றக்கூடிய இரும்பு வளையம் உண்டு, கடைகளில் ரிங் என்றால் போதும். இந்த ரிங் விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன். அது உயிர் சம்பந்தப்பட்டது.

மீன் ஓட்டம் இருக்கும்போது ஸ்டெப்னியோடு சேர்த்து ஏழு சக்கரத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார முடியாது. ஆகவே தடைக்காலத்துக்குக் காத்திருந்தேன். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் என் வண்டியை நிரப்பும் அளவுக்கு வராது. அந்த மாதங்களில் மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பார்கள். நான் உச்சிப்புளியில் வீட்டுக்குப் பின்னால் தென்னை நிழலில் லாரியைக் கரையேற்றினேன்.

அப்போது 2025 ஏப்ரல். பாம்பனில் புதிய ரயில் பாலம் அந்த மாதம் 6ஆம் தேதிதான் திறக்கப்பட்டிருந்தது. 1914இல் கட்டிய பழைய பாலத்தை அரித்த அதே காற்றுதான் பக்கத்துச் சாலைப் பாலத்தில் என் வண்டிமீதும் வீசுகிறது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சு பூசியிருக்கிறார்கள். ரயில்வேக்கே அந்தக் கதி என்றால் என் ரிம் எம்மாத்திரம் என்று முதலில் ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த ஆறுதல் சோம்பேறித்தனம் என்று உறைத்தது.

கழற்றும் வேலை ஒரு முழு நாளைத் தின்றது. எங்கள் மண் மணல். ஜாக்கியை நேராக வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். முதல் முயற்சியில் அதுதான் நடந்தது. இரண்டு பனஞ்சட்டங்களைக் குறுக்கே போட்டு, மேலே ஒரு இரும்புத் தகடு வைத்த பிறகே நின்றது. முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டவில்லை, அச்சுக்கு அடியில் பழைய ரயில் கட்டைத் துண்டுகளை அடுக்கினேன்.

நட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். காலையில் ஜாக்கியைப் பெயருக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, நட்டைத் தொடும் முன்பே இரட்டைச் சக்கரம் இரண்டிலும் வால்வுப் பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றினேன். ஜாக்கியை முதலில் வைக்காவிட்டால் டயர் தட்டையான பிறகு அச்சு தாழ்ந்து, ஜாக்கி நுழைய இடம் இருக்காது. பின்னைக் கழற்றியும் நம்பாமல் மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தேன். துருத்தூள் வால்வை அடைத்துக்கொண்டு, காற்று தீர்ந்ததுபோல் நடிக்கும். துரு தின்ற ரிங், உள்ளே காற்றோடு இருக்கும்போது நட்டைத் தளர்த்தினால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். இதில் அவசரம் கூடவே கூடாது.

வெளிச்சக்கரம் முனகாமல் வந்தது. உள்சக்கரம் பிரேக் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தது. ரிம்மின் விளிம்பில் சம்மட்டி போடக் கை துடித்தது. ஆனால் விளிம்பு நெளிந்தால் அடுத்த டியூபை அது கடிக்கும். பின்பக்கமிருந்து டயரின் பக்கச்சுவரில் மரக்கட்டை வைத்து, சுற்றிச் சுற்றி இடம் மாற்றி அடித்தேன். இருபது அடிக்குப் பிறகு 'டொக்' என்று விட்டது.

இரண்டு டயருக்கும் நடுவே இருந்தவை: முட்டையளவு ஜல்லி ஒன்று, சிமெண்ட்போல் இறுகிய சேறு, அதற்குள் பதிந்து மின்னிய மீன் செதில்கள். வாடையைச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் தெருப் பூனைகள் நான்கு வந்து, சாமி ஊர்வலம் பார்ப்பதுபோல் வரிசையாக உட்கார்ந்தன.

டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் வேலையை நான் செய்யவில்லை. மச்சானின் குட்டி யானையில் ஏழையும் ஏற்றிக் கீழக்கரைக்குக் கொண்டுபோனேன். ரிங் போடுவதும் எடுப்பதும் பழகின கைக்கே உரியவை. மாலையில் வெறும் ரிம்களோடு திரும்பினேன். ரிம்களையும் ரிங்குகளையும் கலந்துவிடாமல் இரண்டிலும் ஒரே எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதித் தந்திருந்தார் காக்கா. ஒன்றுக்கு மற்றது பொருந்துவதுபோல் தெரியும், ஓடும்போதுதான் பொருந்தவில்லை என்று தெரியும் என்றார்.

தேய்க்க ஆரம்பிக்கும் முன் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். இந்த வேலையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான். அழுக்கு ஒரு சாட்சி. கழுவிவிட்டால் போய்விடும்.

இடது பின்பக்க உள்ரிம்மில் கறுப்பாக ஒரு கிரீஸ் கோடு, நடுவிலிருந்து விளிம்புக்கு விசிறிபோல் ஓடியிருந்தது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் ஆயில் சீல் கசிகிறது என்று அர்த்தம். அது பிரேக் லைனிங்கை நனைக்கும் முன் பிடிபட்டது. முன்சக்கரம் ஒன்றில் போல்ட் ஓட்டையைச் சுற்றித் துரு கண்ணீர்போல் வழிந்திருந்தது. அந்த நட்டு எப்போதோ தளர்ந்து ஆடியிருக்கிறது. வலது பின்பக்க உள்ரிம், அதாவது டியூப் தின்னி, தனி உலகம். விளிம்புக்குக் கீழே துரு அரை விரல் தடிமனுக்கு உப்பியிருந்தது. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு எழும். அப்படி எழுந்த மேடுதான் ஃபிளாப்பைத் தேய்த்தது.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஏழில் இது மட்டும் ஏன்? விடை கிடைக்க லாரிக்கு அடியில் படுக்க வேண்டியிருந்தது. பெட்டியின் தரையில் ஐஸ் தண்ணீர் வடிய ஒரு குழாய் உண்டு. அது முடிகிற இடம் வலது உள்சக்கரத்துக்கு நேர் மேலே. ஆண்டுக்கணக்காக, மீனோடு வந்த கடல்நீரும் உருகிய ஐஸும் இரத்தமும் சேர்ந்து, சொட்டுச் சொட்டாக அந்த ரிம்முக்குள் அபிஷேகம் நடந்திருக்கிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. மதுரைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு நடையும் அங்கே ஒரு சிட்டிகையைச் சேர்த்து வைத்திருக்கிறது.

வெயிலில் காய்ந்துவிடாதா என்று மச்சான் கேட்டான். இங்கே உப்பு காயாது. வீட்டில் கல்லுப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை நெருங்கும்போதுதான் ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். எங்கள் கரையில் காற்று அவ்வளவு வறண்டு வீசுகிற நாள் எது? ஆகவே ரிம்மின் உள்ளே எப்போதும் ஒரு மெல்லிய உப்பு நீர்ப் படலம், மழை பெய்யாத நாளிலும்.

இனி சுத்தம் செய்த கதை. நேராகப் போகவில்லை.

முதலில் வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தத் தண்ணீர் அடித்தேன். சேறும் செதிலும் போயின, பார்க்க அழகாக இருந்தது. பிறகு சுரண்டல். அப்பளத் துருவைக் கூர்முனைச் சுத்தியலால் உரித்தேன். மிச்சத்துக்கு கிரைண்டரில் கம்பிக் கிண்ணப் பிரஷ். ரிங் உட்காரும் பள்ளத்துக்குள் கிரைண்டர் நுழையாது. அங்கே உடைந்த ஹேக்சா பிளேடும் கைப்பொறுமையும்தான். அந்தப் பள்ளத்தில் துரு மிச்சமிருந்தால் ரிங் முழுதாக உட்காராது. வால்வு வெளியே வரும் பிளவில் வட்ட அரம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிரஷ்ஷிலிருந்து பறந்த கம்பி ஒன்று என் சட்டையில் குத்தி நின்றது. டிரம்மில் படிந்திருந்த பிரேக் தூளை ஊதவில்லை, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு ஆகாது. கடைசியில் உப்புத்தாள். உப்பு செய்த வேலையை அழிக்க உப்புத்தாள் என்று பெயர் வைத்தவன் யாரோ, எங்கள் ஊர்க்காரனாக இருக்க வேண்டும்.

பின்பக்க ரிம் ஒன்றில் காற்றுத் துளையின் ஓரத்தில், துரு நீங்கியதும், முடி அளவில் ஒரு கோடு தெரிந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. விரிசல். வெல்டிங் வைக்கலாமா என்று காக்காவுக்குப் போன் செய்தேன். "வைக்கலாம். வைத்தவன் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நடக்கக் கூடாது" என்றார். அந்த ரிம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு வாங்கினேன். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் வெல்டிங் வைத்து டயர் வெடித்துச் செத்தவர்கள் உண்டு. காற்று இறக்கியிருந்தாலும் உள்ளே சூடேறும் ரப்பர் வாயு போதும்.

பிறகு என் முட்டாள்தனம். பள்ளங்களில் கொஞ்சம் துரு பிடிவாதமாக இருந்தது. வீட்டில் கழிப்பறை கழுவும் ஆசிட் இருந்தது. ஊற்றினேன். நுரைத்தது, பொங்கியது, ஐந்து நிமிடத்தில் இரும்பு சாம்பல் நிறத்துக்கு வந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே பெருமை. தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ரிம் முழுக்க மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் ஆரஞ்சு நிறத் துரு. அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்பில் இருக்கும் அதே குளோரைடு அதிலும் இருக்கிறது. துருவை எடுத்துவிட்டு, துருவுக்கு விதையை நானே விதைத்திருக்கிறேன். ரிங்குக்கு ஊற்றாமல் விட்டது தெய்வாதீனம். இழுவிசையில் நிற்கும் அந்த மாதிரி இரும்பை ஆசிட் நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும்.

எங்கள் அம்மா இதையெல்லாம் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு உருண்டைப் புளி போட்டுத் தேய்த்தால் தீர்ந்தது, இதற்கு இவ்வளவு கூத்தா?" என்றார். இரும்புக்கு நான் கேட்கவில்லை. ஆனால் பச்சை பிடித்திருந்த பித்தளை வால்வுகளுக்குக் கேட்டேன். குத்துவிளக்குபோல் ஆகிவிட்டன. அந்த ஒரு விஷயத்தில் அம்மாவின் கட்சி ஜெயித்தது.

வழியைக் காட்டியவர் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு பெரியவர். மண்டபத்தில் படகு வேலைக்கு வந்தவர், என் ஆரஞ்சு ரிம்மைப் பார்த்துச் சிரித்தார். "எந்தத் தண்ணீரில் கழுவினாய்?" என்று கேட்டார்.

"போர் தண்ணீர்தான், ஐயா."

"வாயில் வைத்துப் பார்த்தாயா?"

அடடா. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் எண்ணிப் பிடிக்கிறோம். அந்த போர் தண்ணீரால்தான் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாட்டர் சர்வீஸ் கடையிலும் அதே நிலத்தடி நீர்தான்.

அவர் காட்டிய சோதனை எளிது. ரிம்மின் பள்ளத்தில் சிறிது தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்து, அந்தத் தண்ணீரில் நாலு சொட்டைக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியில் விட்டு வெயிலில் வை. பக்கத்தில் நல்ல தண்ணீர் நாலு சொட்டு. காய்ந்ததும் இரண்டையும் பார். ஒன்றில் வெள்ளைப் படலம், மற்றதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றால் இரும்பில் இன்னும் உப்பு இருக்கிறது. என் போர் தண்ணீரை மட்டும் தனியாக ஒரு மூடியில் விட்டுப் பார்த்தேன். கோலம் போட்டதுபோல் வெள்ளை வட்டம்.

நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது சரி. ஏழு ரிம்முக்கு இரண்டிரண்டு வாளி என்றாலும் பதினான்கு வாளி, இருநூறு லிட்டருக்கு மேல். மே மாதத்து இராமநாதபுரத்தில் நல்ல தண்ணீரை இரும்பின் தலையில் ஊற்றுகிறேன் என்று வீட்டில் சொன்னால் நான் திண்ணையில்தான் படுக்க வேண்டும். ஒரு வாரம் யோசித்து வந்த வழி, செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான். வெந்நீரும் சோப்புத்தூளும் கலந்து போர் தண்ணீரிலேயே கிரீஸையும் அழுக்கையும் போக்கியாகிவிட்டது. அதன்பிறகு நல்ல தண்ணீரைத் தெளிப்பானில் அடைத்து, பள்ளங்களில் மட்டும் கூர்மையாக அடித்து, பல் துலக்கும் பழைய தூரிகையால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தேன். ஒரு ரிம்முக்கு ஒரு தடவைக்கு மூன்று லிட்டர் போதும். வாளியில் ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி இரும்பைத் தொட்டுவிட்டு மண்ணுக்குப் போகிறது, வேலை செய்வதில்லை.

பெரியவர் சொன்ன இன்னொன்று இந்தப் பதிவிலேயே எனக்குப் பிடித்தது. கழுவியதும் உடனே பெயிண்டுக்கு ஓடாதே, ஒரு இரவு சும்மா விடு. காலையில் இரும்பு தானே கைகாட்டும். உப்பு ஒளிந்திருக்கும் பள்ளம் மட்டும் முதலில் ஆரஞ்சு ஆகும், சுத்தமான இடம் சாம்பலாகவே நிற்கும். ஆரஞ்சுப் புள்ளிகளை மட்டும் மறுபடி பிரஷ், மறுபடி நல்ல தண்ணீர். முதல் காலை ரிம் முழுக்க அம்மைபோல் புள்ளிகள். இரண்டாவது காலை அங்கங்கே. மூன்றாவது காலை, டியூப் தின்னியில் மட்டும் வால்வுப் பிளவின் அருகே நாலைந்து. கறுப்பு மூடியிலும் வட்டம் மங்கிவிட்டது. நான்காம் நாள் மூடியில் ஒன்றும் தெரியவில்லை.

பூச்சுக்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் இரண்டு கை, மேலே சாம்பல் எனாமல். ரெட் ஆக்சைடு மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் ஈர உப்புக் காற்றுக்கு நடுவே அதை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. பத்து மணிக்கு முன் அடித்தால் பனி ஈரம். நண்பகலுக்கு மேல் கடல்காற்று கிளம்பி, அடித்த பெயிண்டில் மறுபடி உப்பைத் தூவும். இடையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள்ளும் வெயிலில் வைத்தால் இரும்பு கொதித்துப் பெயிண்ட் தொடும் முன்பே உலரும், பிடிக்காது. ஆகவே மாட்டுக் கொட்டகை, மூன்று பக்கமும் தார்ப்பாய். மாடு இரண்டு நாள் வேப்பமரத்தடியில் இருந்தது, அதற்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

உள்வட்டத்தை மட்டும் தாராளமாகப் பூசினேன். ரிங் பள்ளத்திலும் டயர் விளிம்பு உட்காரும் இடத்திலும் மெல்லிய ஒரே பூச்சு. டிரம்மோடு ரிம் ஒட்டும் முகத்திலும் இரட்டை ரிம்கள் ஒன்றையொன்று தொடும் முகத்திலும் பிரைமரின் மெல்லிய படலத்துக்கு மேல் ஒன்றும் வைக்கவில்லை. அங்கே தடிமனாகப் பெயிண்ட் இருந்தால் ஓடும்போது அது நசுங்கி, நட்டு தளரும். முன்சக்கரத்தில் பார்த்த துருக் கண்ணீருக்கு என் பழைய வெள்ளிப் பெயிண்ட்தான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு வாரம் உலர விட்டேன். தடைக்காலத்தில் அவசரம் ஏது?

மறுபடி கீழக்கரை. புதிய ஃபிளாப்கள், டியூபுக்கு வெள்ளைப் பவுடர். காக்கா ரிங்கைச் சுற்றிலும் தட்டி உட்கார்ந்துவிட்டதா என்று இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தார். சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் உருட்டிவிட்டு, நீளக் குழாயைச் செருகி, தூரத்தில், ரிங்குக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று காற்று விட்டார். என்னையும் தோளைப் பிடித்து நகர்த்தினார். கூண்டு இல்லாத கடையில் இந்த வகைச் சக்கரத்துக்கு நான் காற்றுப் பிடிப்பதில்லை, பத்து கிலோமீட்டர் கூடுதல் என்றாலும்.

மாட்டும்போது டிரம் முகத்தையும் தேய்த்துத் துடைத்தேன். நட்டின் கூம்பு உட்காரும் இடத்தில் எண்ணெயோ கிரீஸோ படவில்லை. எதிரெதிராக இறுக்கினேன். இராமநாதபுரம் போய்த் திரும்பி, மறுபடி ஒரு சுற்று இறுக்கிப் பார்த்தேன். இரண்டு நட்டுகள் கால் திருப்பு வாங்கின. இடது பக்க ஆயில் சீலை இதற்கிடையில் மெக்கானிக் மாற்றிவிட்டார், அதை நான் வேடிக்கைதான் பார்த்தேன்.

வடிகுழாய்க்குக் கடினமான ஹோஸ் மாட்டி, சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோய், இருபது லிட்டர் கேனில் விட்டேன். இந்த வேலைக்கு முப்பது நிமிடம் ஆனது. இதை ஐந்து ஆண்டுக்கு முன் செய்திருந்தால் மேலே எழுதிய எதற்கும் வேலையில்லை. போகிற ஊரெல்லாம் மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டு போகிறான் என்று திட்டு வாங்குவதும் நின்றது.

ஜூன் 15க்குப் பிறகு ஓட்டம் தொடங்கியது. ஒவ்வொரு நடை முடிந்ததும் தெளிப்பானின் மூக்கை வளைத்துக் காற்றுத் துளைகள் வழியே உள்ளே விட்டு, நல்ல தண்ணீர் இரண்டு லிட்டர். பின்பக்கம் மட்டும், பத்து நிமிடம். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த நாள்களில் முன்சக்கரத்துக்கும். அங்கே கச்சான் காற்றில் மணலும் கடல் தூறலும் சாலையின் குறுக்கே பறக்கும்.

நவம்பரில், மழை நடுவே, டியூப் தின்னியைக் கழற்றிப் பார்த்தேன். உள்வட்டத்தில் சாம்பல் பூச்சு அப்படியே இருந்தது. டயர் லிவர் பட்ட விளிம்பில் ஒரு மொச்சை அளவு துரு, வால்வுப் பிளவில் மெல்லிய பழுப்புக் கோடு. இரண்டையும் தேய்த்து, மூடியில் சோதித்து, தொட்டுப் பூசினேன்.

டிசம்பரில் தேவிபட்டினம் அருகே பஞ்சர். வலது பின்பக்கம், உள்சக்கரம். ஏழு மாதத்து உழைப்பு போயிற்று என்று நெஞ்சு படபடத்தது. கீழக்கரைக்குப் போய், எங்கேயோ உப்பு மிச்சமிருந்திருக்கிறது, எந்த இடத்தை விட்டேன் என்று தெரியவில்லை என்று காக்காவிடம் புலம்பினேன். அவர் பதில் சொல்லாமல் டயரின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி, குறட்டால் ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

இரண்டு அங்குல நீளம். சீமைக் கருவேல முள்.